தரையோட ஒட்டின ஜமுக்காளம்

ஆபீஸ்ல ஆணி அதிகம். அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டல. இன்னிக்கு எழுத வச்சது மச்சான். அத்தை மகன். ரெண்டு பேருக்கும் ஊர் சிவகாசியை ஒட்டி இருக்கிற விஸ்வநத்தம். செய்தியில எங்க ஊர்ப் பேரைக் கேட்டிருந்தீங்கன்னா அது பெரும்பாலும் நல்ல செய்தியா இருந்திருக்காது.

மச்சானும் பட்டாசு வேலைதான் பார்த்துக்கிட்டு இருந்தார். 2012 செப்டம்பர் 5-ல முதலிப்பட்டி விபத்து நடந்துச்சு. முப்பதுக்கும் மேல உசுரு போச்சு. நான் அப்ப பத்தாவது. அந்தத் தீபாவளி முடிஞ்ச கையோட அத்தை, "கூலி வேலை பார்த்தாலும் பரவால்ல, மெட்ராஸுக்குப் போயிரு"ன்னு மச்சானை பஸ் ஏத்தி விட்டாங்க. பழைய மகாபலிபுரம் சாலையில ஒரு ஐ.டி. கட்டடத்துல ஹவுஸ்கீப்பிங் வேலை. அப்புறம் சூப்பர்வைசர். போன வருஷம் அத்தை நகையை அடகு வச்சு, ஒரு பழைய மெஷினை வாங்கி, 'கார்ப்பெட் சுத்தம் செய்து தரப்படும்'னு விசிட்டிங் கார்டும் அடிச்சு (சிவகாசியில அடிச்சதுதான், வேற எங்க அடிப்போம் :-)) சொந்தமா இறங்கிட்டார்.

முதல் வேலை ஒரு சின்ன கம்பெனி. சனிக்கிழமை ராத்திரி ஆளோட ஆளா நின்னு, வெந்நீர் விட்டு, ஷாம்பு போட்டு, தேய் தேய்னு தேய்ச்சு, மெஷினால தண்ணியை உறிஞ்சி எடுத்துட்டு வந்துட்டார். திங்கக்கிழமை காலையில கதவைத் திறந்தா நனைஞ்ச நாய் நாத்தம். நடக்குற வழி முழுக்க பழுப்பு பழுப்பா திட்டு. அட்மின் ஆளு காசும் தரல, இனிமே இந்தப் பக்கம் வராதீங்கன்னும் சொல்லிட்டார்.

ஏழரை மணிக்கு எனக்கு போன். "மாப்ள, நீ இன்ஜினியர்தான? அழுக்குத் தண்ணி வாளி வாளியா வெளிய எடுத்தேன்டா. சுத்தம் பண்ணின கார்ப்பெட் எப்படிடா மறுபடி அழுக்காகும்?"

நான் படிச்சது கம்ப்யூட்டர். கார்ப்பெட் பத்தி எனக்குத் தெரிஞ்சது, அதுல காபி கொட்டினா நாற்காலியை நகர்த்தி மறைச்சுடணும் என்பது மட்டும்தான். ஆனா கேள்வி நல்ல கேள்வி. அடகுல இருக்குற நகை எங்க அத்தையோடது. அதனால தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டினா அது 150 வருஷத்துக் கதையா போகுது. எச்சரிக்கை: பதிவு கொஞ்சம் நீளம்.

நம்ம வீட்டுல இருந்தே ஆரம்பிப்போம். நம்மூர்ல கம்பளம் இல்லாம இல்ல. பவானி ஜமுக்காளம் விரிக்காத கல்யாண வீடு உண்டா? அதுக்கு 2005-06-லயே புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. அந்தக் கால மதராஸ் மாகாணத்துல ஏலூரு, வாலாஜாபேட்டை, தஞ்சாவூர் பக்கத்து ஐயம்பேட்டைன்னு பல ஊர்ல கம்பளம் நெய்திருக்காங்க. ஹென்றி ஹாரிஸ்னு ஒருத்தர் தென்னிந்தியக் கம்பள நெசவைப் பத்தி 1908-ல தனியா ஒரு நூலே எழுதியிருக்கார்.

இது எல்லாத்துக்கும் ஒரு பொதுவான குணம் உண்டு. தூக்கலாம். அழுக்காச்சா, ரெண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையைப் பிடிச்சு உதறு. சுவத்துல போட்டு கம்பால அடி. ரொம்ப மோசம்னா ஆத்துக்குக் கொண்டு போ, வெயில்ல காயப் போடு. தண்ணி கீழ வடியும், காத்து ரெண்டு பக்கமும் படும், ஒரு நாள்ல காஞ்சுடும். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான வருஷமா கம்பளத்தைச் சுத்தம் பண்ணின முறை இதுதான். தரையை விட்டுத் தூக்க முடியாதுன்னு ஆனப்பதான் சிக்கலே ஆரம்பிச்சது.

மேல்நாட்டுல குளிருக்காக அறை முழுக்க கனமான கம்பளம் விரிச்சாங்க. வருஷத்துக்கு ஒரு தடவைதான் அதை எடுத்து அடிக்க முடியும். மிச்ச நாள் துடைப்பம். துடைப்பம் என்ன செய்யும்? பாதி தூசியைத் தள்ளும், பாதியைக் கிளப்பும். கிளம்பினது அரை மணி நேரத்துல திரும்ப அதே இடத்துல உட்காரும்.

இதுக்கு முதல்ல வழி கண்டுபிடிச்சவர் அமெரிக்காவுல கிராண்ட் ராப்பிட்ஸ்ங்கிற ஊர்ல பீங்கான் பாத்திரக்கடை வச்சிருந்த மெல்வில் பிஸ்ஸல். சுழலுற பிரஷ், பக்கத்துலயே ஒரு பெட்டி. தள்ளிக்கிட்டே போனா தூசி பெட்டிக்குள்ள விழும். 1876-ல காப்புரிமை வாங்கினார். 1889-ல அவர் இறந்த பிறகு அவர் மனைவி அன்னா பிஸ்ஸல்தான் கம்பெனியை எடுத்து நடத்தினாங்க. அந்தக் காலத்துல அமெரிக்காவுல ஒரு பெண் கம்பெனிக்குத் தலைமை ஏற்கிறது அபூர்வம்.

அடுத்தவர் லண்டன்ல இருந்த ஹியூபர்ட் செசில் பூத். பாலமும் ராட்சத ராட்டினமும் வடிவமைச்ச இன்ஜினியர். 1901-ல ஒரு மெஷின் செயல்விளக்கத்தைப் பார்க்கப் போனார். அந்த மெஷின் காத்தை ஊதி தூசியைக் கிளப்பிச்சு. ஊதுறதுக்குப் பதிலா உறிஞ்சினா என்னன்னு இவருக்குத் தோணிச்சு. ஒரு ஓட்டல்ல நாற்காலி மேல கைக்குட்டையை விரிச்சு, வாயை வச்சு உறிஞ்சிப் பார்த்தாராம். கைக்குட்டையோட அடிப்பக்கம் கறுப்பா ஆயிருச்சு. அதுல இருந்துதான் குதிரை வண்டியில ஏத்தின பெட்ரோல் எஞ்சின் மெஷின் வந்தது. வண்டி தெருவுல நிக்கும், நீளமான குழாய் ஜன்னல் வழியா வீட்டுக்குள்ள போகும். 1902-ல ஏழாம் எட்வர்ட் முடிசூட்டு விழாவுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபே கம்பளத்தைச் சுத்தம் பண்ணினது இந்த மெஷின்தான்.

மூணாவது ஆளுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சவர். ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்லர். ஒஹையோ மாகாணம் கேன்டன்ல ஒரு கடையில கூட்டிப் பெருக்குற வேலை. ஆஸ்துமாக்காரர். பெருக்கினா தூசி, தூசின்னா இருமல், வேலையை விட்டா சோறு இல்ல. ஒரு மின்விசிறி மோட்டாரு, ஒரு பெட்டி, ஒரு துடைப்பக் கைப்பிடி, ஒரு தலையணை உறை. இதை எல்லாம் சேர்த்துக் கட்டி அவரே ஒரு மெஷின் செஞ்சுக்கிட்டார். 1908-ல காப்புரிமை. அதை வாங்கினது தோல் சாமான் வியாபாரம் பண்ணின ஹூவர் குடும்பம். பேரும் பணமும் அவங்களுக்குப் போச்சு. ஆனா தூசியைக் கிளப்பாம பிடிக்கணும்னு தவிச்சவர், அதைத் தினமும் மூச்சுல இழுத்தவர்.

ஸ்பாங்லர் கதையை போன்ல சொன்னப்ப மச்சான் கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல. அப்புறம், "எங்க செட்ல தூசி கிளப்புனா ஃபோர்மேன் கொன்னே போடுவாருடா"ன்னார். மருந்து கலக்குற இடத்துல பறக்குற தூசி வெறும் தூசி இல்ல. அலுமினியப் பவுடரும் கந்தகமும் கலந்த தூசி. கொஞ்சம் உராய்வு போதும். செருப்பு கூடாது, இரும்பு கூடாது, நைலான் துணி கூடாது, வாசல்ல செம்புத் தகட்டைத் தொட்டுட்டுத்தான் உள்ள போகணும். தூசியை எப்படி நடத்தணும்னு எங்க ஊர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சரி, தூசியை உறிஞ்ச வழி கிடைச்சாச்சு. பிசுக்கு அழுக்கை என்ன பண்றது? அதுக்குள்ள கம்பளமே மாறிப் போச்சு. அதுவும் ஒரு சின்ன ஊர்க் கதை.

அமெரிக்காவுல ஜார்ஜியா மாகாணத்துல டால்டன். 1895-ல கேத்தரின் எவன்ஸ்ங்கிற 15 வயசுப் பொண்ணு கல்யாணப் பரிசா கொடுக்க ஒரு படுக்கை விரிப்பு செஞ்சாங்க. துணியில நூலைக் கோர்த்துக் கோர்த்து, மேல குஞ்சம் நிக்கிற மாதிரி. எல்லாரும் கேட்க ஆரம்பிச்சாங்க. சுத்துப்பட்டுல இருக்கிற பொம்பளைங்க எல்லாம் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து கூலிக்குக் குஞ்சம் கோர்த்தாங்க. படிக்கும்போது எனக்கு எங்க ஊர் ஞாபகம்தான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்துல கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்ததுக்கு அப்புறம், வீட்டு வீட்டுக்கு தீப்பெட்டி ஒட்டினாங்களே, அதே மாதிரி. நம்ம ஊர் 'குட்டி ஜப்பான்' ஆச்சு. டால்டன் 'உலகக் கம்பளத் தலைநகர்' ஆச்சு. கையால கோர்த்த குஞ்சத்தை மெஷின் நூத்துக்கணக்கான ஊசியால கோர்த்தது. 1935-ல வாலஸ் கரோதர்ஸ் கண்டுபிடிச்ச நைலான், 1950-களின் கடைசியில கம்பள நூலா வந்து சேர்ந்தது. விலை சரிஞ்சது. ராஜா வீட்டுச் சாமான் ஆபீஸ் தரைக்கு வந்தது. அறைக்கு நடுவுல விரிக்கிறது போய், சுவத்துக்குச் சுவர் ஒட்டுறது வந்தது.

அந்த அலை சென்னைக்கும் வந்தது. 2000-ல டைடல் பார்க் திறந்தாங்க. அதுக்கப்புறம் அந்த ரோடு முழுக்க கண்ணாடிக் கட்டடம், உள்ள சதுரம் சதுரமா கார்ப்பெட் டைல். காலடிச் சத்தம் கேட்காது, பார்க்க வெளிநாடு மாதிரி இருக்கும். வெயிலும் புழுக்கமும் தூசியும் உள்ள ஊர்ல இது தேவையான்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல. ஆனா ஒட்டியாச்சு. ஒட்டினதை உதற முடியாது, ஆத்துக்குக் கொண்டு போக முடியாது.

முதல்ல செஞ்ச வைத்தியம் சோப்பு. சுழலுற பிரஷ்ல நுரை கட்டித் தேய்ச்சாங்க. அழுக்கு கிளம்பும், பார்க்கப் பளிச்சுன்னு இருக்கும். ஆனா நூல்ல இருந்து சோப்பை அலசி எடுக்க வழி இல்ல. காஞ்ச சோப்பு பிசின் மாதிரி ஒட்டும். எங்க ஊர் உப்புத்தண்ணியில குளிச்சா உடம்பு பிசுபிசுன்னு இருக்குமே, அப்படி. அதுமேல நடக்கிற ஒவ்வொரு செருப்புல இருந்தும் தூசியை வாங்கி வச்சுக்கும். விளைவு, கழுவின கம்பளம் கழுவாததை விடச் சீக்கிரம் அழுக்காச்சு.

அப்ப அலசிட்டா சரியாப் போச்சேன்னு யோசிச்சாங்க. 1960, 70-கள்ல வெந்நீர் முறை பரவினது இப்படித்தான். வெந்நீரைப் பீச்சு, உடனே உறிஞ்சு. 'ஸ்டீம் கிளீனிங்'னு சொல்லுவாங்க, ஆனா அதுல இருக்கிறது நீராவி இல்ல, வெந்நீர்தான். ஒழுங்கா செஞ்சா ரொம்ப நல்ல முறை. ஆழத்துல இருக்கிற அழுக்கைக் கிளப்ப இன்னிக்கும் இதுக்கு ஈடு கிடையாது. ஒரே நிபந்தனை, விட்ட தண்ணி வெளிய வந்தாகணும். மிச்சம் சீக்கிரம் காஞ்சாகணும்.

மச்சான் மாட்டினது இங்கதான். பழைய மெஷின், உறிஞ்சுற சக்தி குறைவு. தண்ணி தாராளம். ஞாயித்துக்கிழமை கட்டடத்துல ஏ.சி. கிடையாது. சென்னைக் காத்துல ஏற்கனவே ஈரம் நிறைய. ஒன்றரை நாள் ஈரத்துலயே கிடந்தா நாத்தம் வராம என்ன செய்யும். பழுப்புத் திட்டு எப்படி வந்துச்சு? விளக்குத் திரியை நினைச்சுக்குங்க. எண்ணெய் அடியில இருந்து நுனிக்கு ஏறுதுல்ல? கார்ப்பெட்டோட ஒவ்வொரு நூலும் ஒரு திரி. ஈரம் நுனியிலதான் காயும். அடியில கரைஞ்சு கிடந்த அழுக்கு, தண்ணியோட சேர்ந்து மேல ஏறி நுனியில நின்னுடும். ஆக, வாளியில வெளிய வந்தது மேல் அழுக்கு. திங்கக்கிழமை தெரிஞ்சது அடி அழுக்கு.

"அப்ப தண்ணியே இல்லாம பண்ணணுமா?"ன்னார் மச்சான். கிட்டத்தட்ட அப்படித்தான். இங்கதான் 1990-கள்ல பரவின முறை வருது. பேரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. என்கேப்ஸுலேஷன். கேம்பஸ் இன்டர்வியூவுல ஜாவா கேள்வின்னா முதல் கேள்வி இதுதான். உள்ள இருக்கிறதை உறை போட்டு மூடி, வெளிய இருந்து யாரும் தொட முடியாதபடி வைக்கிறது. பத்து தடவை ஒப்பிச்சிருக்கேன். தரைக்கும் அதே பேர் இருக்கும்னு கனவுலயும் நினைக்கல.

சங்கதி இதுதான். ஷாம்பு காஞ்சா பிசினா மிச்சம் நிக்குதுன்னா, நொறுங்குற மாதிரி காயுற சரக்கை அதுல கலந்தா என்ன? இந்த யோசனை முன்னாடியே இருந்தது. அதுக்கேத்த நல்ல பாலிமர்கள் 1990-கள்ல வந்தது. இதுல சோப்பு வேலையைச் செய்யிற பொருள் அழுக்கை நூல்ல இருந்து பிரிக்கும். கூட இருக்கிற பாலிமர் அந்த அழுக்குத் துகளைச் சுத்தி உறை மாதிரி மூடிக் காயும். காஞ்சா பிசுபிசுப்பு இல்லாத நொறுங்குற துகள். கண்ணுக்குச் சட்டுன்னு தெரியாது. அடுத்தடுத்து வேக்குவம் போடும்போது அழுக்கோட சேர்ந்து வெளிய போயிடும். தண்ணி? கார்ப்பெட் மேல லேசா தெளிக்கிற அளவுதான். காத்தோட்டம் இருந்தா ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல காஞ்சுடும். வாளியும் இல்ல, அழுக்குத் தண்ணியைக் கொட்ட இடமும் தேட வேண்டாம்.

தண்ணி விஷயத்தைச் சென்னைக்காரங்களுக்குத் தனியா சொல்லணுமா என்ன. 2019 ஜூன்ல ஏரி எல்லாம் வறண்டு, பழைய மகாபலிபுரம் சாலையில சில கம்பெனிகள் ஆளுங்களை வீட்டுல இருந்தே வேலை பாருங்கன்னு சொன்னது ஞாபகம் இருக்கும். நான் அப்பத்தான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர் தண்ணி வந்தது. மச்சான் அப்ப சூப்பர்வைசர். கழிப்பறைக்கே லாரித் தண்ணியை அளந்து விட்ட நாட்கள் அதுன்னு சொல்லுவார். அந்த மாதிரி ரோட்டுல கார்ப்பெட்டுக்கு வாளி வாளியா தண்ணி விடுறது எப்படிப் பார்த்தாலும் நியாயம் இல்ல.

இனி மச்சான் மறுபடி ஆரம்பிச்ச கதை. யாராவது இந்தத் தொழில்ல இறங்கறதா இருந்தா உதவும்னு எழுதுறேன்.

முதல்ல சரக்கைச் சோதிச்சார். கடையில எல்லா கேனும் அதே பேரைத்தான் சொல்லுது. மூணு கேன்ல இருந்து கொஞ்சம் கொஞ்சம் கண்ணாடித் தட்டுல ஊத்தி ரெண்டு நாள் காய வச்சார். ஒண்ணு ஜவ்வு மாதிரி ஒட்டிச்சு. ஒண்ணு மெழுகு மாதிரி வழுக்கிச்சு. ஒண்ணு மட்டும் நகத்தால சுரண்டினதும் கல்கண்டுத் தூள் மாதிரி நொறுங்கிச்சு. அதைத்தான் வாங்கினார். கேன்ல போட்டிருக்கிற கலவை அளவைத் தாண்டுறதில்ல. "மருந்தைக் கூடப் போட்டா நல்லா வெடிக்கும்னு நினைக்கிறவன் எங்க ஊர்ல ரொம்ப நாள் இருக்க மாட்டான்டா."

ரெண்டாவது, வேக்குவம். தெளிக்கிறதுக்கு முன்னாடி பொறுமையா, மெதுவா, குறுக்கும் நெடுக்கும். கார்ப்பெட்ல இருக்கிற அழுக்குல பெரும்பகுதி காஞ்ச மண்ணுதான். அதை விட்டுட்டு ஈரம் பண்ணினா சேறு. பாதி நேரம் இதுக்கே போகுதுங்கிறார்.

மூணாவது, லேசா தெளிச்சு பிரஷ் மெஷினால தேய்க்கிறது. எதிரெதிரா சுத்துற ரெண்டு உருளை பிரஷ் மெஷின் இருந்தா நல்லது. இல்லன்னா ஹவுஸ்கீப்பிங்ல தரை தேய்க்கிற வட்ட மெஷினே போதும், கார்ப்பெட்டுக்கான பிரஷ் மாட்டிக்கணும். மச்சான் வாடகைக்கு எடுத்தது அதைத்தான். மேஜைக்கு அடியில தரையில பிளக் பெட்டி இருக்கும், அங்க தெளிக்கிறதே இல்ல. துணியால ஒத்தி எடுக்கிறார்.

நாலாவதுதான் முக்கியம். உறை போட்ட அழுக்கு தானா எந்திரிச்சுப் போகாது. காஞ்ச பிறகும், அதுக்கப்புறம் வழக்கமாவும் வேக்குவம் போட்டாத்தான் போகும். அதனால ஒப்பந்தத்துலயே வேக்குவத்தையும் சேர்த்து எழுதச் சொன்னேன்.

இது சர்வரோக நிவாரணி இல்ல. சாப்பாட்டு இடத்துக்கு முன்னாடி குழம்பும் எண்ணெயும் வருஷக்கணக்கா இறங்கின இடத்துல ஜம்பம் பலிக்கல. அங்க வெந்நீர் முறைதான் வேணும். ஆனா இந்தத் தடவை உறிஞ்சுற சக்தி உள்ள மெஷினை வாடகைக்கு எடுத்து, தண்ணி விட்டு ஒரு தடவை இழுத்தா வெறுமனே ரெண்டு தடவை இழுத்து, ராத்திரி முழுக்க விசிறி போட்டுக் காய வச்சார். இதைச் சுத்தம் பண்றதுக்கு முன்னாடியே கஸ்டமர்கிட்ட சொல்லிடணும்னு கத்துக்கிட்டார்.

ரெண்டாவது கம்பெனியில முதல்ல ஒரே ஒரு மீட்டிங் ரூமை காசு வாங்காம பண்ணிக் காமிச்சார். வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஆறு மணிக்குத் தெளிச்சது, எட்டு மணிக்கெல்லாம் காஞ்சிருச்சு. திங்கக்கிழமை ஏழரைக்கு மறுபடி போன். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

"மாப்ள, உள்ள போய் முகர்ந்து பார்த்தேன்."

"என்ன வாசனை மச்சான்?"

"ஒரு வாசனையும் இல்லடா."

ஆறு மாச ஒப்பந்தம் கிடைச்சிருக்கு. மாசத்துக்கு ரெண்டு வேலை. அடகுல பாதி மீட்டாச்சு, வளையல் இன்னும் பாக்கி. ஊர்ல இருந்து ஒரு பையனை வரச் சொல்லி இருக்கார். அவனும் பட்டாசு ஆலையில நின்னவன்தான். "அனுபவம் இருக்கா?"ன்னு நான் கேட்டேன். "தூசி கிளப்பாமப் பெருக்கத் தெரியும், அது போதும். மிச்சத்தை நான் சொல்லிக் குடுக்கிறேன்"ன்னார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப அத்தைகிட்ட இந்த உறை சமாச்சாரத்தை விளக்கினேன். சரவெடி பின்னிக்கிட்டே எல்லாத்தையும் பொறுமையா கேட்டாங்க. கடைசியா ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "அது தீப்பிடிக்குமாப்பா?"

பிடிக்காது அத்தை, தண்ணியில கலந்ததுதான்னு சொன்னேன். "அப்ப சரி"ன்னுட்டு அடுத்த சரத்தை எடுத்துக்கிட்டாங்க.

கொசுறு: உங்க ஆபீஸ் கார்ப்பெட்ல காபி கொட்டினா, என்னை மாதிரி நாற்காலியை நகர்த்தாதீங்க மக்களே. தேய்க்காம டிஷ்யூ வச்சு ஒத்தி எடுங்க. எவனோ ஒரு மச்சானுக்கு வேலை மிச்சம் :-)